நிறவெறி பற்றிப் படிக்கிறோம், அடுத்து என்ன செய்யலாம்?

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து அமெரிக்க நிறவெறி வரலாற்றைப் படித்து வருகிறோம். இப்போது மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு வந்திருக்கிறோம்; பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடத்திய போராட்டம் அது. வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதாகி, இந்தப் போராட்டத்துக்குப் பொறியாக இருந்தவர் ரோசா பார்க்ஸ். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், 15 வயது கறுப்பின மாணவி கிளாடெட் கால்வினும் அப்படியே எழ மறுத்துக் கைதானார். ரோசா கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், பேருந்தில் ஏறாதீர்கள் என்று கேட்கும் துண்டறிக்கைகளை விடிய விடிய ஆயிரக்கணக்கில் தயாரித்தார். அப்புறம் 381 நாள் மக்கள் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். வீரக்கதையாகச் சொல்லும்போது இந்த உழைப்புதான் விடுபட்டுப்போகிறது.

சரி, உதவி இதுதான். தமிழில் இதுபற்றி எளிய கட்டுரைகள் இருந்தால் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, பொது இடத்தில் ஒருவரை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தும்போது நீங்கள் துணைக்கு நின்றதுண்டா? முதலில் யாரிடம் பேசினீர்கள், பாதிக்கப்பட்டவருக்கு எது உதவியாக இருந்தது என்று விவரமாக எழுதுங்கள்.