வேப்பிலை மந்திரிப்புப் பாட்டு: தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் உறவுகளே. சிவகங்கைப் பக்கம் எங்க அப்பத்தா ஊரில் யாருக்காவது அம்மை போட்டால் வாயால் அப்படிச் சொல்லமாட்டாங்க. "ஆத்தா வந்திருக்கா"ன்னுதான் பேச்சு. உடனே நிலைவாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிடும். அதைப் பார்த்தாலே வெளியாள் உள்ளே வரமாட்டார். (தொற்றுநோய்க்கு இதைவிட நல்ல அறிவிப்புப் பலகை உண்டா!) வீட்டில் தாளிப்பு கிடையாது. பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைப்பாங்க. அரித்தால் நகம் படக்கூடாது, கொழுந்துக் கொத்தால் தடவணும். இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுவாங்க.

இதெல்லாம் எழுதி வச்சுட்டேன். கிடைக்காதது ஒண்ணுதான். பயந்த பிள்ளைகளுக்கு அப்பத்தா வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை இறக்கிக்கொண்டே முணுமுணுப்பாங்க. மாரியாத்தா, சமயபுரம், "இறங்கு தாயே" என்று மட்டும் காதில் நிற்கிறது. அவங்க போய்ச் சேர்ந்து எட்டு வருசம் ஆச்சு, கேட்க ஆளில்லை.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த வரிகளைச் சொல்வாங்களா? அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை, குரல்பதிவா அனுப்புங்க. எந்த ஊர் வழக்கம்னு மறக்காமல் சொல்லுங்க. மந்திரத்தை வெளியே சொன்னால் பலிக்காதுன்னு அவங்க நினைச்சால் வற்புறுத்த வேண்டாம்.

இன்னொண்ணு: சில வேப்பமரத்தில் பால் வடியுமே, அதுக்கு மஞ்சத்துணி கட்டிக் கும்பிட்டதை நேரில் பார்த்தவங்க இருந்தால் அதையும் எழுதுங்க.