புதுப்பிப்பு: முடிந்த டிசைனைத் தேவைகளோடு ஒப்பிடுதல்

மென்பொருள் டிசைன் முடிந்ததும், ஒவ்வொரு தேவையும் (சிஸ்டம் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டது) டிசைனில் எங்கே நிறைவேறுகிறது என்று அட்டவணை போட முன்பு சொல்லியிருந்தேன். அது பாதி வேலைதான். டிசைனிலிருந்து தேவைக்கும் திரும்பி வாருங்கள். எந்தத் தேவையோடும் சேராத கியூவோ (வேலைகளை வரிசையில் நிறுத்தும் பகுதி) கேஷோ (அடிக்கடி கேட்கும் தரவைக் கையருகே வைக்கும் cache) இருந்தால் யார் கேட்டது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணில் சொன்ன தேவைக்கு டிக் அடித்தால் போதாது. சிஸ்டம் 99.9% நேரம் இயங்க வேண்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம்தான் நிற்கலாம். லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), ஆப் சர்வர், டேட்டாபேஸ் தலா 99.9%, எது விழுந்தாலும் எல்லாம் நிற்கும் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 99.7%, அதாவது 30 நாளில் சுமார் 2 மணி 10 நிமிடம் நிற்கும். டேட்டாபேஸுக்கு மட்டும் ஸ்டாண்ட்பை (விழுந்தால் கைகொடுக்கும் மாற்று) வைத்தாலும் 99.8%-ஐத் தாண்டாது. மூன்றையும் இரட்டிக்க வேண்டும். காசில்லை என்றால் தேவையைத் தளர்த்தி பிசினஸ் தரப்பிடம் கையெழுத்து வாங்குங்கள்.