புதுப்பிப்பு: எங்கள் காட்டு நடைபாதைக்கு மானியம் கிடைத்துவிட்டது

மழையில் அரித்துப்போன காட்டு நடைபாதையைச் சீராக்க, அமெரிக்க அரசு பொழுதுபோக்குப் பாதைகளுக்குத் தரும் ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் மானியத்துக்கு எங்கள் சின்னத் தன்னார்வக் குழு விண்ணப்பிக்கலாமா என்று மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். ஊர் நிர்வாகத்தோடு சேர்ந்து விண்ணப்பித்தோம். போன வாரம் ஒப்புதல் வந்துவிட்டது!

நான் பயந்தது, செலவில் நாங்கள் போட வேண்டிய 20 சதவீதப் பங்கை நினைத்துத்தான். மத்திய நிதி பொதுவாக 80 சதவீதம் வரைதான் தரும், எங்களிடமோ ரொக்கம் இல்லை. இங்கே ஒருவர் சொன்னபடி தன்னார்வலர் உழைப்பையே பங்காகக் காட்டினோம். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று பதிவேடு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. இந்த நிதி, சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வண்டிகளின் எரிபொருள் வரியை வைத்து 1991இல் உருவானது. அது தெரியாமல், காட்டுப் பாதையில் மோட்டார் பைக் ஓட்டுபவர்களைப் பற்றி மார்ச்சில் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பணம் முன்கூட்டி வராது. செலவழித்து ரசீது கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். முன்பணத்தை ஊர் நிர்வாகம் தருகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த செலவு பொதுவாகக் கணக்கில் வராது என்பதால், இன்னும் மண்வெட்டியைத் தொடவில்லை.