ஜூ வாரியர்ஸ் ப்ளூ-ரே: ரீஜன் சிக்கலுக்கு வழி சொல்லுங்கள்

சுய் ஹார்க் 1983இல் எடுத்த 'ஜூ: வாரியர்ஸ் ஃப்ரம் தி மேஜிக் மவுண்டன்' ப்ளூ-ரே யாராவது வைத்திருக்கிறீர்களா? சம்மோ ஹங் தன் நீண்ட வெள்ளைப் புருவத்தாலேயே ரத்தப் பேயைக் கட்டி நிறுத்துவாரே, அந்த ஹாங்காங் படம்தான். மங்கலான பிரதியில் பார்த்து அலுத்துவிட்டது.

இங்கிலாந்தில் யுரேகா வெளியிட்ட டிஸ்க்கில், வெளிநாட்டுக்காக வெட்டி ஒட்டிய 'டைம் வாரியர்' வடிவமும் இருக்கிறது. அதில் நாயகன் யுன் பியாவ் இந்தக் காலத்துக் கல்லூரி மாணவர்! அந்தக் கூத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அது ரீஜன் பி (எந்தப் பகுதி நாடுகளின் ப்ளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போடும் பூட்டுதான் ரீஜன்); என்னிடம் இருப்பதோ இந்தியாவில் வாங்கிய ரீஜன் சி ப்ளேயர்.

மல்டி ரீஜன் ப்ளேயர் சென்னையில் எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும்? அப்புறம், கம்ப்யூட்டர் டிரைவில் போட்டால் ஓடுமா? போட்டுப் பார்த்தவர்கள் எந்த சாஃப்ட்வேர் என்றும் சொல்லுங்கள்.