தறிக்கூடத்தில் ஆர்சிசிபி ஓயாமல் ட்ரிப் ஆகிறது

சேலம் கொண்டலாம்பட்டியில் வீட்டை ஒட்டி 6 விசைத்தறி ஓட்டுகிறோம். த்ரீ பேஸ் லைன், தறிக்கு 1 எச்.பி. மோட்டார். தீபாவளி கழிந்ததும் 40 ஆம்பியர், 4 போல் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது. அன்றிலிருந்து ட்ரிப்தான். தனித்தனியாக ஓட்டினால் எந்தத் தறியிலும் விழுவதில்லை. நான்கைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் விழுகிறது, மழை நாளில் இன்னும் சீக்கிரம்.

மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தாயிற்று, எல்லா மோட்டாரும் 1 மெகா ஓமுக்கு மேல். டெர்மினல்களில் படிந்த பஞ்சைத் துடைத்தோம், எர்த் குழியில் தண்ணீர் விட்டோம், ஆர்சிசிபியையும் புதிதாக மாற்றினோம். மாற்றமில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கூடம் முழுக்கப் பஞ்சு பறக்கிறது, பாவும் நூலும் அங்கேயே கிடக்கிறது. ஒரு பொறி போதும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

தீத்தடுப்புக்கு 300 மில்லி ஆம்பியர், ஆளைக் காக்க 30 என்று படித்தேன். மோட்டார் லைனுக்கு 300, லைட், பிளக் லைனுக்கு 30 எனப் பிரித்துப் போடலாமா, இல்லை 30-ஐயே வைத்து ஒவ்வொரு தறிக்கும் தனி ஆர்சிசிபி போடுவதுதான் சரியா?