ஒரே மாரியில் மூன்று தடிமன்

கல்லடி மகள்:
அம்மாவுக்குக் கிட்னி மாற்றி நாலு வருடம். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துகள், டக்ரோலிமஸ், பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டெரொயிட், எல்லாம் நேரம் தவறாமல்தான் போகிறது. போன மாரியில் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் மூன்று தடிமன். முதல் இரண்டையும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தே கடத்தினோம். மூன்றாவதிலும் காய்ச்சல் இல்லை. சரி, இதுவும் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

பின்னேரம் கோழிகளை அடைக்க "பா, பா" என்று கூப்பிடுவார். அன்றைக்கு ஒரு "பா" வந்தது, மற்றது வரவில்லை. கூட்டுக் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். கோழிகள் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கின்றன. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்த்தால் இரத்தத்தில் ஒட்சிசன் 86 வீதம்தான். ஆர்.எஸ்.வி. என்று தடிமன் மாதிரித் தொடங்குகிற ஒரு வைரஸ், நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். அது கைக்குழந்தைகளுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்!

அக்கரைப்பற்றான்:
எங்களுக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் வினையே, தங்கச்சி. வாப்பாவுக்கு லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், அதற்கு ரிட்டுக்சிமாப் மருந்து ஏற்றி ஐந்து மாதம். கொவிட் வந்து சுகமாகி, ஒரு மாதத்தில் திரும்பவும் இருமல். பெருநாளைக்கு வந்த மச்சான்தான் கொண்டுவந்தார் என்று ஏசி, அவரோடு கதையும் நின்றது. டொக்டர் சொன்னார், பழைய கிருமியே போகாமல் கிடந்திருக்கலாம், கிருமியோடு போராடுகிற பிறபொருளெதிரியைச் செய்கிற கலங்களைத்தான் அந்த ரிட்டுக்சிமாப் அழிக்கிறது என்று. மச்சானுக்கு இன்னும் கோல் எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற நேர்ஸ், வாழைச்சேனை:
கொத்தமல்லியில் பிழையில்லை மகள், காத்திருந்ததுதான் பிழை. ஸ்டெரொயிட் குடிப்பவருக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கும். மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். பாமசியில் கேட்டு எரித்ரோமைசின் வாங்கிக் கொடுப்பதையும் விடுங்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது, டக்ரோலிமஸ் அளவைத்தான் இரத்தத்தில் ஏற்றிவிடும். ஃப்ளூ ஊசி வருடா வருடம், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும்தான். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், பயமில்லை. மூக்கில் விசிறுகிற உயிருள்ள வகைதான் இவர்களுக்கு ஆகாது. கிளினிக் வாங்கில் இருமுகிறவருக்குப் பக்கத்தில் இருத்தாதீர்கள். கோழிக்கூடு கூட்டுகிற வேலையையும் அம்மாவிடமிருந்து பறியுங்கள். தம்பி அக்கரைப்பற்று, நீங்கள் முதலில் மச்சானுக்குக் கோல் எடுங்கள்.

என் மாமிக்கும் இதே கதைதான். அவ இப்போது இல்லை.

கல்லடி மகள்:
எண்ணிப் பார்த்தேன் அன்ரி, 18. கூட்டைத் தம்பிதான் அடைக்கிறான். அவன் கூப்பிட்டால் ஒரு கோழியும் வருகிறதில்லை, துரத்தித்தான் பிடிக்கிறான். அம்மா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்து சிரிக்கிறார்.