தொடர்மாடியில் வீட்டுத்தோட்ட வகுப்பு, எதில் தொடங்கலாம்?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் ஒழுங்கையில் நாலைந்து பேர் சேர்ந்து சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்கு வீட்டுத்தோட்டம் சொல்லிக்கொடுக்க யோசிக்கிறோம். காசு வாங்கப் போவதில்லை. 2022இல் விலைவாசி ஏறினபோது எல்லோரும் சாடி வாங்கினார்கள், பயிர் வைக்கச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவுகூட விட்டார்களே, இப்போது அந்தச் சாடிகளில் பாதி சும்மா கிடக்கிறது. எங்களுக்கு இருப்பது பல்கனிதான், கடற்காற்று வேறு. எதில் தொடங்கினால் வந்தவர்கள் அடுத்த கிழமையும் வருவார்கள்? சிலருக்குச் சிங்களம்தான் வசதி.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, பேச்சைக் குறைத்துக் கங்குன் கீரையில் தொடங்குங்கள். சந்தையில் வாங்கின கீரைக் கட்டிலிருந்து இலையைச் சுண்டலுக்குக் கிள்ளிவிட்டு, தடித்த தண்டை ஒரு சாண் அளவு வெட்டி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றச் சொல்லுங்கள். சில நாளிலேயே வேர் விடும், மூன்று நாலு கிழமையில் ஒரு சுண்டலுக்குக் கிள்ளலாம். பொன்னாங்காணியும் இப்படித்தான். சமைத்துச் சாப்பிட்டவர் கூப்பிடாமலே வருவார். மண்ணுக்குத் தென்னந் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்தால் பாரம் குறைவு, மாடிக்குத் தூக்க இலகு, ஆனால் தும்புத்தூளை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து காட்டுங்கள்: ஓரிரு சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் தண்ணீர் கூடிப்போச்சு. மொழிப் பிரச்சினையும் பெரிதாக வராது, கையால் செய்து காட்டுகிறதுதானே.

தெஹிவளை மாடித்தோட்டம்:
அக்கா சொன்னது சரி, ஆனால் முதலில் நுளம்பைப் பற்றிப் பேசுங்கள், இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரரே வகுப்பை நிறுத்திவிடுவார். நுளம்பு பெருக இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கே போடலாம், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் சாடிக்குக் கீழே இருக்கிற தட்டைத்தான் முதலில் பார்ப்பார். தட்டே வேண்டாம் என்பேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் மணல் நிரப்புங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும், அதனால் கிழமைக்கு ஒருதரம் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் செய்து காட்டினாலே பக்கத்து வீட்டார் பாதிப் பேர் உங்கள் பக்கம். அப்புறம், கீழ்மாடியில் காயப்போட்ட உடுப்பில் மண்தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் தொடர்மாடியில் அதற்குத்தான் பெரிய சண்டையே வந்தது.

பச்சைமிளகாய்ப் பிரியன்:
கீரை மட்டும் என்றால் எங்கள் வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள் அக்கா, மிளகாய் விலை தெரியும்தானே. நல்ல வெயில் விழுகிற பல்கனிக்கு மிளகாயும் வேண்டும். விதையைக் கொடுத்து அனுப்பாதீர்கள், நீங்களே நாற்றுப் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். குருத்திலை சுருண்டால் உடனே பசளையைக் கூட்டுவார்கள், அது வேலைக்காகாது. அனேகமாகச் சாறு உறிஞ்சும் பனிப்பூச்சி அல்லது சிற்றுண்ணியாக இருக்கும், இலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். சவர்க்காரத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பின்னேரத்தில் இலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். அதற்கும் மேலே சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
எல்லோருக்கும் நன்றி. சரி, வருகிற சனி கங்குனும் தட்டுக் கழுவுகிறதும், மிளகாய் நாற்றை இன்றே போட்டுவிடுகிறேன். அக்கா, தும்புத்தூளும் கூட்டெருவும் பாதிக்குப் பாதியா?

கொட்டாஞ்சேனை அக்கா:
ஓம், சமபங்கு. கிடைத்தால் ஒரு பங்கு மண்ணும் சேருங்கள்.